வரி பூஜ்யம் ஆனதோடு நிறுத்த வேண்டாம்: வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு பிள்ளைகளோடு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பி வந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே வரியும் கட்டி வாழும் குடும்பங்கள் பல எனக்குத் தெரியும். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் இந்தியாவில் தங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கப் பாஸ்போர்ட் கையில் இருக்கும் வரை, உலகின் எந்த ஊரில் எந்த நாணயத்தில் சம்பாதித்தாலும் அந்த வருமானம் அமெரிக்க வரிச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. மெக்சிகோவில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், குடியுரிமையே வரி விதிக்கப் போதுமான காரணம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924-இல் தீர்ப்பளித்தது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நிலை மாறவில்லை.

இந்தக் கடமையைப் பற்றி எல்லோரும் கவலையோடு பேசுகிறோம். அதே சட்டம் நம் பிள்ளைகளை முன்னிட்டுத் தரும் பணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். ஆண்டுதோறும் அமெரிக்க வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்று வந்தவுடன் நிம்மதியோடு கோப்பை மூடி வைத்துவிடும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களில் பலருக்குப் பிள்ளை ஒன்றுக்கு 1,700 டாலர் வரை திரும்பி வந்திருக்க வேண்டும். எந்தப் படிவத்தை வைத்துப் பூஜ்யத்தை எட்டினார்கள் என்பதுதான் அந்தப் பணம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 1997-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக, 1998-ஆம் ஆண்டு வருமானத்திற்குப் பிள்ளை ஒன்றுக்கு 400 டாலர் என்று தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து 2018 முதல் 2,000 டாலராக இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 2025-ஆம் ஆண்டுக்கு 2,200 டாலராக உயர்த்தியிருக்கிறது. இந்தத் தொகைக்கு இரண்டு முகங்கள் உண்டு. முதலில் அது கட்ட வேண்டிய வருமான வரியைக் குறைக்கிறது. குறைப்பதற்கு வரியே இல்லை, அல்லது வரியைக் கழித்த பின்னும் கிரெடிட் மிச்சம் இருக்கிறது என்றால், அந்த மிச்சத்தில் பிள்ளை ஒன்றுக்கு அதிகபட்சம் 1,700 டாலர் வரை ரொக்கமாகவே திரும்பக் கிடைக்கும். இந்த இரண்டாவது பகுதிக்கு அடிஷனல் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் என்று பெயர். உழைத்து ஈட்டிய வருமானத்தில் முதல் 2,500 டாலரை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் 15 சதவீதம் வரைதான் அது கிடைக்கும். வட்டியும் வாடகையும் அந்த வருமானத்தில் சேராது. சம்பளமும் சொந்தத் தொழில் வருமானமும் சேரும்.

ஆண்டின் கடைசி நாளில் பிள்ளைக்குப் பதினேழு வயது நிறைந்திருக்கக் கூடாது. பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ, சட்டப்படி அமெரிக்காவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் நம்மோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வேளச்சேரியில் உள்ள வீடும் வீடுதான். நியூ ஜெர்சியை விட்டு வந்த நாளோடு இந்த உரிமையும் போய்விட்டது என்று உறுதியாக நம்புகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் இதை வேறொரு சலுகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். குறைந்த வருமானக்காரர்களுக்கான ஏர்ன்டு இன்கம் டாக்ஸ் கிரெடிட்டைப் பெறத்தான் பாதி ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் வீடு இருக்க வேண்டும். 2021-இல் பெருந்தொற்றுக் காலச் சட்டம் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டை 3,000, 3,600 டாலர் என்று உயர்த்தி முழுவதையும் திரும்பத் தந்தபோதும், அந்த முழுத் தொகை அமெரிக்காவில் வசித்தவர்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. வெளியே இருந்தவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பகுதி 1,400 டாலரோடு நின்றுவிட்டது. ஒரே குடியுரிமை கொண்ட பிள்ளைகளை இருக்கும் ஊரைப் பார்த்துப் பிரித்தது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆனால் அது அந்த ஓராண்டுக்கான ஏற்பாடு, அதோடு முடிந்தது.

இனிப் படிவங்களுக்கு வருகிறேன். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் இரட்டை வரியிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உள்ளன. படிவம் 2555 வழியாக, வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய வருமானத்தை ஒரு வரம்பு வரை கணக்கிலிருந்தே விலக்கிக்கொள்ளலாம். 2025-இல் அந்த வரம்பு 130,000 டாலர். மற்றது படிவம் 1116. இதில் வருமானம் முழுவதையும் கணக்கில் காட்டி, அதற்கு அமெரிக்க வரியைக் கணக்கிட்டு, அதே வருமானத்திற்கு இந்தியாவில் கட்டிய வரியை அதிலிருந்து கழித்துக்கொள்கிறோம். முதல் வழி எளிது. அதிகம் யோசிக்காமல் முடித்துவிடலாம். ஆகவே பெரும்பாலோர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 2015-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, படிவம் 2555-ஐ இணைத்து வருமானத்தை விலக்கிக்கொண்டவர் அந்த ஆண்டுக்குத் திரும்பக் கிடைக்கும் கிரெடிட்டைக் கேட்கவே முடியாது. ஒரு பகுதி வருமானத்தை மட்டும் விலக்கினாலும் இதே விளைவுதான்.

கணவன், மனைவி, பதினேழு வயது நிறையாத இரண்டு பிள்ளைகள், நால்வரும் அமெரிக்கக் குடிமக்கள், சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு 40,000 டாலருக்கு இணையான சம்பளம் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டாலருக்கு 87 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 35 லட்சம். இந்தியாவின் புதிய வரி முறையில் இதற்கு 6 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி வரும். டாலரில் சொன்னால் ஏழாயிரத்தைத் தாண்டும். அமெரிக்கக் கணக்கிலோ, கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 2025-இல் நிலையான கழிவு, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை, மட்டுமே 31,500 டாலர். மிஞ்சும் 8,500 டாலருக்கு 10 சதவீதம் என்றால் வரி 850 டாலர்தான். இந்தியாவில் கட்டிய வரியைக் கொண்டு படிவம் 1116 அதை முழுவதும் அழித்துவிடுகிறது. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். சைல்ட் டாக்ஸ் கிரெடிட் தொடுவதற்கு வரி எதுவும் மிச்சமில்லை என்பதால், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 3,400 டாலர், அதாவது மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்றே குறைவான தொகை, ரீஃபண்டாகத் திரும்பி வருகிறது. இதே குடும்பம் படிவம் 2555-ஐ நிரப்பியிருந்தாலும் வரி பூஜ்யம்தான், ரீஃபண்டும் பூஜ்யம். படிவம் 1116-இல் பயன்படாமல் எஞ்சிய இந்திய வரியைப் பத்து ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம் என்பது கூடுதல் நன்மை. இந்தியாவில் வரி விகிதம் உயர்வாக இருப்பதைக் குறைசொல்லும் நாம், அதே வரி இங்கே நமக்குக் கைகொடுப்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

துபாய் போன்ற வருமான வரி இல்லாத ஊர்களில் இருப்பவர்கள், தங்களுக்கு 2555-ஐ விட்டால் வேறு வழியே இல்லை என்று எண்ணுகிறார்கள். அவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே போன்ற நால்வர் குடும்பத்திற்கு அங்கே 60,000 டாலர் சம்பளம் என்றால், நிலையான கழிவு போக 28,500 டாலருக்கு அமெரிக்க வரி 2,943 டாலர் வரும். இரண்டு பிள்ளைகளுக்கான கிரெடிட் 4,400 டாலர். அது வரியை முழுதாக விழுங்கிவிட்டு மேலும் 1,457 டாலரைக் கையில் தருகிறது. கழிப்பதற்கு உள்ளூர் வரி ஒரு காசுகூட இல்லாத நிலையிலும் இதுதான் முடிவு. சம்பளம் இதைவிட நன்றாக உயரும்போது மட்டுமே அங்கே 2555 லாபமாகிறது.

குறைந்த வருமானக் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. 12 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள ஓர் ஆசிரியக் குடும்பம் இந்தியாவில் புதிய வரி முறைப்படி வரி கட்ட வேண்டியதில்லை; அமெரிக்காவிலும் கூட்டுக் கணக்குக்கான வரம்பைத் தொடாததால் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமே அவர்களுக்கு இல்லாமல் போகலாம். ஆகவே அவர்கள் தாக்கல் செய்வதில்லை. ஆனால் 12 லட்சம் என்பது சுமார் 13,800 டாலர். அதில் 2,500-ஐ ஒதுக்கி, மீதியில் 15 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,700 டாலர். கட்டாயமில்லாத ஒரு கணக்கைத் தாக்கல் செய்வதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குப் பணம் வருகிறது. பள்ளிக் கட்டணம் கட்டும் எந்த வீட்டுக்கும் இது சிறிய தொகை அன்று. வருமானம் குறையக் குறையக் கிரெடிட்டும் குறைகிறது என்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை. அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகக் கொடுக்கும் ஏற்பாட்டை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன். இருந்தாலும், கொடுப்பதையாவது கேட்டு வாங்க வேண்டும்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஆகவே மதுரையில் அமர்ந்து தனியாக மென்பொருள் வேலை செய்யும் அமெரிக்கக் குடிமகனும் சொந்தத் தொழில் செய்பவர்கள் சமூகப் பாதுகாப்புக்காகச் செலுத்தும் 15.3 சதவீத செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் வரியைக் கட்டியாக வேண்டும். படிவம் 2555 இதைக் குறைக்காது. இந்தியாவில் கட்டிய வருமான வரியும் இதற்கு ஈடாகாது. நிகர வருமானம் 30,000 டாலர் என்றால் இந்த வரி சுமார் 4,240 டாலர். இரண்டு பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும் 3,400 டாலர் இந்த வரியிலேயே கழிக்கப்பட்டு, கட்ட வேண்டியது 840 டாலர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு வருமானத்திற்கு, நிலையான கழிவு போக அமெரிக்க வருமான வரியே வராது. வராத வரியைத் தவிர்ப்பதற்காக 2555-ஐ இணைத்தால் அந்த 3,400 டாலரையும் இழந்து முழு வரியையும் கட்ட நேரிடும்.

இதுவரை 2555-இல் இருந்தவர் மாற விரும்பினால் அதற்கு முறை உண்டு. விலக்கைக் கைவிடுவதாக ஓர் அறிக்கை எழுதிக் கணக்கோடு இணைக்க வேண்டும். கைவிட்ட பின் ஐந்து ஆண்டுகளுக்கு, அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் அனுமதி இல்லாமல் மீண்டும் அந்த விலக்குக்குத் திரும்ப முடியாது. எனவே அடுத்த சில ஆண்டுகளில் துபாய்க்கோ தோஹாவுக்கோ நல்ல சம்பளத்தில் போகும் எண்ணம் இருப்பவர்கள் நிதானமாக யோசித்து முடிவெடுக்கட்டும். சென்னையிலேயே இருக்கப்போகிறோம், பிள்ளைகளும் சிறியவர்கள் என்றால் யோசிக்க அதிகம் இல்லை என்பது என் கருத்து.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பிள்ளைக்கு அமெரிக்க அரசு வழங்கும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் இந்தக் கிரெடிட் கிடையாது. வேலை செய்யத் தகுதியளிக்கும் எண்ணாக அது இருக்க வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கெடு நாளுக்குள், கால நீட்டிப்பு பெற்றிருந்தால் அந்த நீட்டிப்பு முடிவதற்குள், அது வழங்கப்பட்டிருக்கவும் வேண்டும். கெடு கழிந்து எண் வந்தால், திருத்திய கணக்கைப் போட்டுப் பழைய ஆண்டுக்குக் கேட்க இயலாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவமனையிலேயே இதற்கு விண்ணப்பித்துவிடுவது வழக்கம் என்பதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் விஷயத்தில்தான் தாமதம் நேர்கிறது. முதலில் அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவு செய்து, அதற்கான தூதரகச் சான்றிதழைப் பெற வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கக் குடிமகன் என்றால், பிள்ளை பிறப்பதற்கு முன் அவர் மொத்தம் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும்; அவற்றுள் இரண்டு ஆண்டுகளாவது அவருடைய பதினான்கு வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும். இதற்குப் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், சம்பளப் படிவங்கள் என்று ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும். இவை தனித்தனி விண்ணப்பங்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் அந்த ஆண்டுக்கான பணத்தை நிரந்தரமாக இழப்பதில்தான் முடியும்.

கணவனோ மனைவியோ இந்தியக் குடிமகனாகவே இருக்கும் குடும்பங்களும் நிறைய உள்ளன. அங்கே அமெரிக்கக் குடிமகனான ஒருவர் தனியாகத் தாக்கல் செய்யலாம். தனியாகத் தாக்கல் செய்பவருக்கும் கிரெடிட் உண்டு. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஏற்று, பிள்ளையும் அவரோடு இருந்தால், குடும்பத் தலைவர் என்ற பிரிவில், 2025-ஆம் ஆண்டுக்கு 23,625 டாலர் நிலையான கழிவோடு தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. துணைவரையும் அமெரிக்கவாசியாகக் கருதும்படி கேட்டுக் கூட்டாகத் தாக்கல் செய்வது மூன்றாவது வழி. அப்படிச் செய்தால் அவருடைய வருமானம் முழுவதும் அமெரிக்கக் கணக்கில் வந்து சேரும். சொந்தத் தொழிலோ பெரிய வாடகை வருமானமோ உள்ளவர் என்றால் அந்த வாசலைத் திறக்காமல் இருப்பதே நல்லது. 2025 முதல் கூட்டுக் கணக்கில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்காவது சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஒன்றை மறந்துவிடக் கூடாது: திருமணமாகித் தனியாகத் தாக்கல் செய்யும் பிரிவில் கட்டாயத் தாக்கலுக்கான வருமான வரம்பு வெறும் 5 டாலர்.

பிள்ளை நம்மோடு வாழ்ந்தது என்பதற்கான ஆதாரத்தை ஆண்டுதோறும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு முகவரியோடு பள்ளி தரும் போனஃபைட் சான்றிதழும் மருத்துவரின் பதிவுகளும் போதுமானவை. விடுதியில் தங்கிப் படிக்கும் காலம் தற்காலிகப் பிரிவாகக் கருதப்படும். அதனால் உரிமை போய்விடாது. பெற்றோர் அமெரிக்காவில் வேலையில் இருக்க, பிள்ளை தஞ்சாவூரில் தாத்தா பாட்டியிடம் ஆண்டு முழுவதும் வளர்கிறது என்றால் நிலைமை வேறு. அங்கே இந்தக் கிரெடிட்டைக் கேட்கக் கூடாது. பொறுப்பில்லாமல் தவறாகக் கேட்டது தெரிந்தால் இரண்டு ஆண்டுகளும், மோசடி என்று முடிவானால் பத்து ஆண்டுகளும் கேட்க முடியாதபடி தடை விழும்.

தாக்கல் செய்தால் வங்கிக் கணக்குகள் எல்லாம் வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சத்தில் ஒதுங்கி நிற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கை தர வேண்டும் என்ற கடமை, கிரெடிட்டைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இருப்பதுதான். இந்தியாவும் அமெரிக்காவும் 2015-இல் செய்துகொண்ட ஃபாட்கா ஒப்பந்தத்தின்படி, நம் வங்கிகள் அமெரிக்கக் குடிமக்களின் கணக்கு விவரங்களை ஏற்கெனவே அனுப்புகின்றன. தெரியாமையால் பல ஆண்டுகள் தாக்கல் செய்யாதவர்களுக்காக, கடைசி மூன்று ஆண்டுக் கணக்குகளையும் ஆறு ஆண்டு எஃப்பார் அறிக்கைகளையும் அபராதமின்றித் தாக்கல் செய்யும் ஸ்ட்ரீம்லைன்டு முறையை ஐஆர்எஸ் வைத்திருக்கிறது. வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று அதில் உறுதி கூற வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் வைத்திருப்பவர்கள் மட்டும், அவற்றுக்கான அமெரிக்க வரி விதிகள் கடுமையானவை என்பதால், இரு நாட்டு வரியும் அறிந்த ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு இதில் இறங்குவது நல்லது. உள்ளூர் வரி மட்டும் பார்க்கும் ஆடிட்டர் எவ்வளவு திறமையானவர் என்றாலும் இதற்குப் போதாது.

நடைமுறையில் தொல்லை தருவது ஆண்டுக் கணக்கு. இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அமெரிக்காவுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. எனவே ஃபார்ம் 16-ஐ அப்படியே எடுத்து நிரப்ப முடியாது. மாதச் சம்பளச் சீட்டுகளிலிருந்து வருமானத்தையும் டிடிஎஸ் தொகையையும் ஜனவரி முதல் டிசம்பர் வரை தனியாகக் கூட்டி, டாலருக்கு மாற்றி எழுத வேண்டும். முதல் ஆண்டு இது சிரமமாக இருக்கும். ஒரு விரிதாளில் மாதாமாதம் பதிந்து வைத்தால் அடுத்த ஆண்டிலிருந்து ஒரு மாலை நேர வேலைதான்.

வழக்கமான கெடு ஏப்ரல் 15. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குத் தானாகவே ஜூன் 15 வரை நீளும். கேட்டுக்கொண்டால் அக்டோபர் 15 வரை கிடைக்கும். கிரெடிட்டைக் கணக்கிட ஷெட்யூல் 8812-ஐ இணைக்க வேண்டும். ரீஃபண்டைப் பெற அமெரிக்க வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்தபடியே வைத்திருங்கள். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து காகிதக் காசோலைகளை அரசு கைவிடத் தொடங்கிவிட்டது; அதற்கு முன்பும், டாலர் காசோலையை இங்குள்ள வங்கியில் போட்டுப் பணமாக்குவது எளிதாக இருந்ததில்லை. கடந்த ஆண்டுகளில் கேட்காமல் விட்டவர்கள், கணக்கைத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் படிவம் 1040-எக்ஸ் வழியாகத் திருத்தலாம். 2555 விலக்கைக் கைவிடும் அறிக்கையை அந்தத் திருத்திய கணக்கோடும் இணைக்கலாம். பிள்ளைக்குப் பதினேழு வயது நிறையும் ஆண்டிலிருந்து எஞ்சுவது மற்ற சார்ந்திருப்போருக்கான 500 டாலர் கிரெடிட் மட்டும்தான். அது வரியை மட்டுமே குறைக்கும், ரொக்கமாகத் திரும்ப வராது என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் பழைய கணக்குகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.